வாய்க்கால் முனையில் வைரவர்

கிளிவெட்டி
09.03.2025

ஜெஸீமா,

நல்ல சுகம் என்று எழுதினால் அது பொய். என் எழுத்தைப் பார்த்ததும் உனக்கு எரிச்சல் வந்திருக்கும். உன் வேலையிடத்து விஷயமொன்றை நீ எனக்கு வட்ஸ்அப்பில் சொன்னதை என் தம்பி நிசாந் படமெடுத்து முகநூலில் போட்டதும், அதற்காகக் கொழும்பில் உன்னைக் கூப்பிட்டு விசாரித்ததும் உன் வாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இனிப் போனில எனக்கு ஒண்டும் அனுப்பாத" என்றாய். சரி, தபாலில் வருகிறேன். தபாலைப் பிரித்துப் படமெடுக்கிற அளவுக்கு அவனுக்குப் பொறுமை கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை மருதடிவெளி வயலில் நெல் வெட்டுகிற மெஷினுக்குப் பின்னால் நின்றேன். உன் வாப்பா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தன்னுடைய வரம்பில். திடீரென்று மேலே ஓர் இரைச்சல் கேட்டது. நான் யோசிக்கவேயில்லை. வாய்க்காலுக்குள் குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டேன். சண்டை ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் உடம்பு மறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்தால் பக்கத்தில் உன் வாப்பா, தாடியெல்லாம் சேறு.

"என்ன புள்ள, பொம்மரா?" என்று கேட்டார்.

குண்டு விமானமில்லை, ட்ரோன். சூரிய மின்சாரப் பூங்காவுக்கு நிலம் பார்க்க வந்தவர்கள் பறக்கவிட்டது. எழும்பி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

அவர்கள் போகும்போது வாய்க்கால் முனையில், இரண்டு வயலுக்கும் தண்ணீர் பிரிகிற இடத்தில், சிவப்புப் பூசின கட்டையொன்றை அடித்துவிட்டுப் போனார்கள். கேட்டதற்கு, "எங்களுக்குத் தெரியாதக்கா, அடிக்கச் சொன்னவை, அடிக்கிறம்" என்றான் ஒருவன்.

அந்த வயல் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. ஓடினோம், முகாமில் இருந்தோம், திரும்பி வந்து பற்றை வெட்டி வரம்பு கட்டினோம். பிறகு குடாவுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி ஆலை வரப்போகிறது, சாம்பல் இங்கேதான் விழும் என்றார்கள். அது நின்றது. நானும் உன் வாப்பாவும் அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினோம். இப்போது சூரியன் வருகிறான். சூரியனோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது?

நீ மின்சாரத் திட்டப் பிரிவில் பொறியியலாளராக இருக்கிறாய். காணி தெரிவு செய்கிற குழுவிலும் இருக்கிறாய். ஒன்று மட்டும் சொல்லு. எங்கள் வயல் அந்த வரைபடத்துக்குள் இருக்கிறதா? ஓம் அல்லது இல்லை. அவ்வளவுதான்.

கஜந்தி


தெகிவளை
18.04.2025

கஜந்தி,

பிந்தி எழுதுகிறேன். புத்தாண்டு விடுமுறை முழுக்க அலுவலகத்தில்தான் இருந்தேன். ஏன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆலைகளும் கடைகளும் பூட்டியிருந்ததால் நாட்டில் மின்சாரம் எடுக்க ஆளில்லை. வெயிலோ கொளுத்துகிறது. கூரைகளிலிருந்து வந்த மின்சாரம் அளவுக்கு மிஞ்சிவிட்டது. இப்படிப் பொருந்தாமல் போனால் முழுநாடும் இருண்டுவிடும். பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருண்டதே, அது மாதிரி. அதனால் கூரைச் சூரியத் தகடு வைத்திருக்கிறவர்களிடம் பகலில் அணைத்து வையுங்கள் என்று கேட்டோம்.

நிலக்கரியை அணைக்கலாமே என்பாய். அது ஏலாது. அந்தக் கொதிகலனை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. அணைத்தால் மாலையில் விளக்குப் போடும் நேரத்துக்கு மூட்டி எடுக்கவும் ஏலாது. காசில்லாமல் வருகிற வெயிலை நிற்பாட்டிவிட்டுக் கரியை எரித்தோம். பகல் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கப் பெரிய பற்றரிகள் வேண்டும், அவை இன்னும் வரவில்லை. கூரைக்காரர்களுக்குக் கொடுக்கிற விலையையும் குறைக்கப்போகிறார்கள் என்று கதை. அதைக் கேட்டுப் புதிதாகப் போட இருந்தவர்கள் பின்வாங்குகிறார்கள்.

ஆனாலும் எனக்குச் சூரியனில்தான் நம்பிக்கை. பூங்கா ஒரு மாதம் பிந்தினால் ஒரு மாதம் கூடுதலாகக் கரிப்புகை மேலே போகும். மன்னாரில் காற்றாலை போட வந்த பெரிய கம்பனி விலைப் பேச்சில் முறைத்துக்கொண்டு போய்விட்டது. இவர்களும் போய்விட்டால் அடுத்து எதை எரிப்பார்கள் என்று யோசிக்கவே பயமாயிருக்கிறது.

நீ கேட்ட ஒரு சொல்லை எழுத ஏலாது. எழுதினால் வேலை போகும். இதை மட்டும் சொல்கிறேன். வெளிக்குத் தெற்கே ஒருவரும் விதைக்காத பற்றைக் காணி இருக்கிறதல்லவா? பூங்காவை அங்கே நகர்த்தச் சொல்லிக் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கத்துகிறேன். அது முடியும்வரை நீ ஒன்றும் செய்யாமல் இரு. அது என் வாப்பாவின் வயலும்தான்.

ஜெஸீமா


கிளிவெட்டி
11.05.2025

ஜெஸீமா,

நீ எழுதாமல் விட்ட அந்தச் சொல் எனக்கு விளங்கிவிட்டது. 'இல்லை' என்றால் நீ எழுதியிருப்பாய்.

உன்னுடைய புகைக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். சரி, காற்று எல்லாருக்கும் பொதுதான். அதற்கு நான் மட்டும் ஏன் வயலைக் கொடுக்கவேணும்? கூரையில் இருக்கிறதை அணைக்கச் சொல்லிவிட்டு என் வயலில் புதிதாகப் போடப்போகிறீர்கள். விடுமுறை வந்தால் அதையும் அணைப்பீர்கள். நெல்லும் இல்லை, மின்சாரமும் இல்லை. கொழும்பில் இருந்து நல்லாகத்தான் யோசிக்கிறீர்கள்.

கோபிக்காதே. எனக்குச் சோறு இறங்குகிறதில்லை, அதனால் இப்படிக் கதைக்கிறேன். வாகனச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். பழைய மாதிரி காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். கட்டாரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் எடுத்து, "நீ ஏன் மூச்சு வாங்குறாய்?" என்று கேட்கிறார்.

ஆனால் ஒரு வழி செய்துவிட்டேன். கேட்டால் என்னைக் கெட்டிக்காரி என்பாய். மூதூரில் கொல்லனிடம் ஒரு சூலம் அடிப்பித்தேன். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் வாய்க்கால் முனையில், அந்தச் சிவப்புக் கட்டைக்குப் பக்கத்தில், காவல் தெய்வம் வைரவரை நட்டுவிட்டேன். பொங்கி, வடைமாலை போட்டு, கற்பூரம் கொளுத்தினேன். திங்கட்கிழமை நில அளவைக்காரர் வந்தார்கள். பெரியவர் சூலத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். "இதுக்குள்ள கயிறு இழுக்க என்னால ஏலாதம்மா, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று சொல்லி ஏறிப் போய்விட்டார். கட்டையையும் பிடுங்கிக்கொண்டு போனார்!

அன்றைக்குத்தான் நல்லாக நித்திரை கொண்டேன்.

கஜந்தி


தெகிவளை
29.05.2025

கஜந்தி,

நீ நட்ட இடம் எது என்று உனக்குத் தெரியுமா? வாய்க்கால் முனையில் இடப்பக்க வரம்பு வாப்பாவுடையது. உன்னுடையதல்ல. சின்ன வயசில் நாங்கள் இருவரும் அதில் ஏறியிருந்து நாவற்பழம் தின்றிருக்கிறோம், அதனால் உனக்கு எல்லாம் ஒன்றுதான். ஊருக்கு அப்படியில்லை.

வாப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா சொன்னா. வாப்பா விதைத்த வயலைப் பார்க்கப் போகிறதில்லையாம். சூலம் ஒன்று முளைத்தால் பிறகு மண்டபம் வரும், மண்டபம் வந்தால் காணி போகும் என்று பள்ளிவாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கள் காணி போய்விடுமென்று உங்கள் ஆட்களும் இதே பயத்தில் எத்தனை தரம் இருந்திருக்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன வாரம் மூதூரிலிருந்து பொடியன்கள் வந்து வாப்பாவின் வரம்பில் பச்சைக்கொடி நட்டிருக்கிறார்கள். உன் தம்பி அதற்கு முன்னால் நின்று வீடியோ எடுத்திருக்கிறான். இப்போது அங்கே பொலிஸ் கூடாரம்.

நீ கம்பனியைப் பயமுறுத்த நட்டாய். பயந்தது என் வாப்பா.

உன்னோடு ஒரே வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்த மனிசன் அவர். அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

ஜெஸீமா


கிளிவெட்டி
15.06.2025

ஜெஸீமா,

உன் கடிதத்தை வாசித்த கையோடு உன் வாப்பாவிடம் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோச் சத்தம் கேட்டது, நான் கூப்பிட்டதும் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த வாசலில் நான் நின்று திரும்பினது அதுதான் முதல்தரம்.

சத்தியமாக எனக்கு அது யாருடைய வரம்பு என்ற நினைப்பே வரவில்லை. கட்டை நின்ற இடத்தில் நட்டேன். நீயாவது நம்பு.

சரி, பிடுங்குவோம் என்று போனேன். போய்ப் பார்த்தால் சீமெந்துக் கட்டு கட்டியிருக்கிறது. யார் கட்டினார்கள் என்று ஒருவரும் சொல்கிறார்களில்லை. பிள்ளையில்லாத பெண்ணொருத்தி வெருகல் பக்கத்திலிருந்து வந்து தொட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். காய்ச்சல் மாறினது என்று ஒரு ஆள் சேவல் கொண்டுவந்தாராம். நான் கையை வைக்கப் போக நிசாந் குறுக்கே நின்றான்.

"அக்கா, இது இப்ப உன்ர வைரவர் இல்ல. ஊர் வைரவர். கை வச்சியோ, பிறகு நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல."

அவன் என்னை வெருட்டினதுகூட எனக்குப் பெரிதில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. வெறும் இரும்பாகக் கொண்டுபோய் நட்டவள் நான். கூப்பிட்டேன், பொங்கி வைத்தேன். அவர் மெய்யாகவே வந்திருந்தால்? நட்ட நோக்கம் பொய் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பரசிற்றமோல் கொடுக்கும்போதெல்லாம் அந்த முனையைத்தான் நினைக்கிறேன்.

என்ன செய்ய? நீ படித்தவள், சொல்லு. திட்டிக்கொண்டென்றாலும் சொல்லு.

கஜந்தி


தெகிவளை
02.07.2025

கஜந்தி,

திட்ட நேரமில்லை. இதை வாசித்ததும் கிழித்துவிடு.

நேற்றைய கூட்டத்தில் தலைவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு சமூகமும் அடிபடுற காணி எண்டால் நீதிமன்றம் ரெண்டு பேரையும் வெளியேத்தும். பிறகு அது அரசாங்கத்தின்ர கையில. எங்களுக்கு லேசு." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அந்த ஊர் என்று அவருக்குத் தெரியும்.

பிணக்குத் தீர்ந்தால் மட்டும் பற்றைக் காணி யோசனையை அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். சூலமும் கொடியும் இரண்டுமே போகவேணும். கொடியை வாப்பா பார்த்துக்கொள்வார், நான் கதைத்துவிட்டேன். சூலத்தை நீ எடு. உன்னால்தான் முடியும், நட்டவள் நீ. ஆடி மாதம் முடிவதற்குள் எடுத்துவிட்டாயானால் வயலைக் காப்பாற்ற என்னால் ஏலும் என்று நினைக்கிறேன்.

மகளுக்கு எப்படி இருக்கிறது?

ஜெஸீமா


கிளிவெட்டி
27.07.2025

ஜெஸீமா,

எடுத்துவிட்டேன்.

ஐயர் வரமாட்டேன் என்றுவிட்டார். நானே கும்பம் வைத்தேன். பட்டப்பகலில், ஊர் பார்க்கத்தான் செய்தேன். பொங்கல் வைத்து, "நான் பயத்தில கூப்பிட்டனான், பயத்திலயே அனுப்பிறன், கோவத்தை என்ர பிள்ளையில காட்டாதேங்கோ" என்று கும்பிட்டு வைரவரைக் கும்பத்தில் இறக்கினேன். ஒரு கிழவி மண்ணள்ளித் தூற்றினாள். நிசாந் என்னை அக்கா என்று கூப்பிடமாட்டானாம். சீமெந்துக் கட்டை உடைக்க அலவாங்குக் கம்பியை எடுத்தேன், ஓங்க முடியவில்லை.

அப்போது பொலிஸ் கூடாரத்தடியில் நின்ற உன் வாப்பா இறங்கி வந்தார். சீமெந்தில் கை வைக்கவில்லை, சூலத்தையும் தொடவில்லை. என் பின்னால் வந்து நின்று, "அடி புள்ள, நான் நிக்கிறன்" என்றார். அடித்தேன்.

சூலத்தைக் கழுவி மஞ்சள் துணியில் சுற்றி, கும்பத்தோடு கொண்டுபோய்க் கொட்டியாரக் குடாவில் விட்டேன். தோணிக்காரன் கூலி வாங்கவில்லை, என்னைப் பார்த்துப் பயந்திருப்பான். திரும்பி வரும்போது உன் வாப்பா சொல்லி மூதூர்ப் பொடியன்கள் கொடியைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கடுத்த வாரம் பொலிசும் கூடாரத்தைக் கழற்றிப் போயிற்று.

மகளுக்குச் சுகம். நீ சொன்னதை நம்பித்தான் செய்தேன்.

கஜந்தி


தெகிவளை
24.08.2025

கஜந்தி,

இதை எப்படித் தொடங்குகிறது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

மருதடிவெளியைத்தான் எடுத்திருக்கிறார்கள். முழுவதும். உன்னுடையது, வாப்பாவுடையது, வாய்க்கால் எல்லாம்.

பற்றைக் காணியைக் கூட்டத்தில் எடுத்தார்கள்தான். அதற்குக் காட்டு இலாகாவின் அனுமதி வேண்டும், வருஷக் கணக்கில் இழுபடும் என்றார்கள். கம்பனிக்குத் தருவதாகச் சொன்ன மின்சார விலை மார்கழி வரைக்கும்தான். அதற்குள் வேலை தொடங்காவிட்டால் புதிய விலை, இன்னும் குறைவு. விலை குறைந்தால் அவர்கள் போய்விடுவார்கள். மட்டமான நிலம், பக்கத்தில் மின்கம்பி. மேசையில் இருந்த எல்லாருக்கும் உங்கள் வயல்தான் தெரிந்தது.

இன்னும் இருக்கிறது. கம்பனிக்குக் கடன் கொடுக்கிற வெளிநாட்டு வங்கி, பிணக்குள்ள காணி என்றால் ஒரு சதமும் கொடுக்காதாம். சமூகங்களுக்கிடையில் பிரச்சினை என்றால் கிட்டவும் வராதாம். இது எனக்குத் தெரியாது. கம்பனி ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. சூலமும் கொடியும் நின்ற நாள் முழுக்க அவர்கள்தான் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். உங்கள் வயலை இத்தனை நாளும் அந்த இரும்புத் துண்டுதான் காத்து வந்திருக்கிறது. தலைவர் என்னைப் பயமுறுத்தினார், நான் உன்னைப் பயமுறுத்தினேன்.

பிணக்கு எதுவும் இல்லை என்று எழுதின தாளில் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அது உண்மைதானே என்று வைத்தேன். உங்களுக்கு நல்லது என்று நினைத்து வைத்தேன்.

கஜந்தி, திரும்ப நடு. புதிதாக ஒன்று அடிப்பி. வாப்பாவின் பக்கத்திலேயே நடு, பெரிதாக நடு. வாப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன், அவர் கொடியை எடுத்து வைப்பார். இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள். பொய்க்கென்றாலும் பிடியுங்கள். மண் தள்ளுகிற மெஷின் ஆவணி முடியுமுன் வரும்.

ஜெஸீமா


கிளிவெட்டி
05.09.2025

ஜெஸீமா,

உன் வாப்பா வந்தார். போட்ட கதிரையில் உட்காராமல் நின்றபடியே கதைத்தார். "நடு புள்ள. நான் ஒண்டும் சொல்லமாட்டன். நான் வந்து ஏசிற மாதிரி ஏசிறன், நீயும் ஏசு." அப்படிச் சொல்லிவிட்டு அந்த மனிசன் கண்ணைத் துடைத்தார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

கொல்லனிடம் போனேன். இரும்பைத் தெரிவு செய்து கையிலும் எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டு வந்தேன். ஏலாது. ஒருதரம் தெரியாமல் செய்தேன். அதற்கே ஊர் இரண்டாகப் பிரிந்து இன்னும் பொருந்தவில்லை. நாங்கள் இருவரும் பொய்க்குச் சண்டை பிடிப்போம், நிசாந்தும் மூதூர்ப் பொடியன்களும் மெய்க்குப் பிடிப்பார்கள். வயலுக்காக ஒரு பிள்ளை வெட்டுப்பட்டால் அந்த வயலில் நான் எப்படி இறங்குகிறது? வைரவரையும் நான் இனி ஏமாற்றமாட்டேன். அவருக்கும் எனக்குமுள்ள கணக்கு முடிந்தது.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆனால் நீ எனக்குக் கெடுதல் நினைத்தாய் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அதே தவறைத்தான் நானும் உன் வாப்பாவுக்குச் செய்தேன்.

நேற்று முன்தினம் வேலிக் கம்பி வந்து இறங்கியிருக்கிறது. சுருள் சுருளாக, குளக்கட்டில். திங்கட்கிழமை மெஷின் என்கிறார்கள். நானும் உன் வாப்பாவும் இரண்டு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய் வாய்க்கால் முனையில் போட்டு இருக்கிறோம். காலையில் போனால் பொழுதுபட வருகிறோம். நேற்று உன் உம்மாவும் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து இருந்துவிட்டுப் போனா. இன்னும் இரண்டு மூன்று வயல்காரர் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள், கிட்ட வரப் பயம்.

சூலத்துக்கு அவர்கள் பயந்தார்கள். வயசுபோன ஒரு மனிசனுக்கும் எனக்கும் யார் பயப்படப்போகிறார்கள்? நேற்றுக் கொழும்பிலிருந்து வந்த ஒருவன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பிணக்கு இல்லையெண்டு உங்கட ஊர் எஞ்சினியர் மிஸ்ஸே கையெழுத்து வச்சிருக்கிறா" என்றான். உன் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஆளுக்குப் பதில் சொல்ல, கையெழுத்து வைத்த ஒருத்தியால்தான் ஏலும். தபால் பிந்தும் என்று இதைக் கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ் இருக்கிறது, விடிய மூதூரில் இறங்கலாம். வேலை போய்விடும் என்று உனக்குப் பயமாயிருக்கும். பயப்படாதே என்று நான் எழுதமாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் இங்கே நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் பயந்துகொண்டே வா.

கஜந்தி